மூன்று கையெழுத்து

காட்டு ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டர் நாற்காலிக்குச் சண்டை வரக்கூடாது என்று கொக்கு, மரங்கொத்தி, ஆந்தை மூன்றையும் சேர்த்தே தலைமையாக்கினார்கள். சண்டை வரவில்லை. மரியாதைதான் கூடிப்போயிற்று.

காலில் முள் ஏறிய வெள்ளாடு ஒன்று ஓ.பி. சீட்டோடு நொண்டிக்கொண்டு வந்தது.

“முள்ளை எடுத்தாகணும். எதுக்கும் மரங்கொத்தி சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்” என்று கொக்கு சீட்டில் கையெழுத்துப் போட்டது.

“கொக்கு மேடம் சொன்னா சரிதான். ஆனா ஆந்தை சார் பார்க்காம நான் கை வைக்கிறது நல்லா இருக்காது” என்று மரங்கொத்தியும் போட்டது.

ஆந்தை சீட்டை மட்டும் பார்த்தது. “ரெண்டு பேர் கையெழுத்து இருக்கே, எடுத்திருப்பாங்க” என்று மூன்றாவதைப் போட்டு அனுப்பிவிட்டது.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அணில், ஆடு நொண்டுவதைப் பார்த்தது. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பல்லால் கடித்து முள்ளை இழுத்துப் போட்டது.

மறுநாள் கட்டுப் போட வந்த ஆடு நேராக நடந்தது. “எல்லாம் உங்க கைராசி” என்று மூன்று டாக்டர்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். யாரும் மறுக்கவில்லை.

ஆடு வெளியே வந்தபோது, காலில் முள்ளோடு ஒரு முயல் நொண்டியபடி வந்து, “இங்கே யாருண்ணே பெரிய டாக்டர்?” என்று கேட்டது.

ஆடு, பெருக்கிக்கொண்டிருந்த அணிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு முயலிடம் சொன்னது:

“நீ உள்ளே போய் மூணு கையெழுத்து வாங்கிட்டு வா. முள்ளை இங்கே எடுத்துக்கலாம்.”