மட்கார்டில் உரசிய சக்கரம்

கார் வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது பின்சக்கரம் கர்ரென்று மட்கார்டில் உரசியது.

டேரில் காங்காஸ் பிரேக்கை மிதித்தான். ரப்பர் கருகிய வாடை உள்ளே வந்தது.

பின்சீட்டில் அவன் அப்பா ரெய்னோ, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

முன்சீட்டில் டேரிலின் மனைவி ஜோலின் மணி பார்த்தாள். மார்க்வெட் நகரத்து முதியோர் இல்லத்தில் ஒரு அறை காலியாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் ஆள் போய்ச் சேராவிட்டால் அது வரிசையில் நிற்கும் அடுத்த கிழவருக்கு. மறுபடி எப்போது காலியாகும் என்பது உள்ளே இருக்கிறவர்கள் சாகிற வேகத்தைப் பொறுத்தது.

அப்பாவை அனுப்புவதில் டேரிலுக்கு இஷ்டமா இல்லையா, யாருக்கும் தெரியாது. ஜோலின் கேட்டபோது அவன் குனிந்து சக்கரத்தை அளந்துகொண்டிருந்தான். “ம்” என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சக்கரங்கள் வந்த கதை ஊருக்கே தெரியும். கண் மங்கி ரெய்னோவின் லைசென்ஸ் போனதும், அவருடைய பிக்கப் வண்டியை விற்று வாங்கியவை.

நாலு சக்கரமும் இழுக்கிற கார். பனி விழுகிற ஊருக்கென்றே செய்தது. அதை நாலு விரல் இறக்கி, அகல ரிம் மாட்டி, மட்கார்டின் உள்விளிம்பைச் சூடு காட்டி மடக்கி, ஒரு மாசமாக வேறு வேலை இல்லை அவனுக்கு. டயரோ, ரிம்மைச் சுற்றிக் கறுப்பு ரிப்பன் கட்டின மாதிரி. பழைய சக்கரங்களையும் எவனுக்கோ தள்ளிவிட்டான்.

“நண்டு மாதிரி நிக்குதேடா. பக்கவாட்டுலதான் ஓடுமா?” என்று கேட்டார் ரெய்னோ, முதல் நாளே. “இவ்ளோ அகலம் ஆகாது.”

“உங்களுக்குப் புரியாதுப்பா. இது மில்லிமீட்டர் கணக்கு.”

அந்தக் கணக்குதான் இப்போது ரோட்டோரம் புகைந்துகொண்டிருந்தது.

டேரில் ஜோலினை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தான். உரசியது. அப்பாவை முன்சீட்டுக்கு மாற்றினான். உரசியது. சுத்தியலை எடுத்து வந்து மட்கார்டை இன்னும் கொஞ்சம் மடக்கினான். பெயின்ட் உரிந்ததுதான் மிச்சம்.

“டிக்கியிலருந்து மாமா பெட்டியை இறக்கிப் பாரேன்” என்றாள் ஜோலின்.

“நாலு சட்டை, ரெண்டு கால்சட்டை” என்றார் ரெய்னோ. “அதைக்கூடத் தாங்காதாம்மா, இவன் மில்லிமீட்டர்?”

டேரிலுக்குக் காது சிவந்தது. பெட்டியைத் தொடவில்லை.

மாமாவைக் குறை சொல்ல ஜோலினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஷெட்டைக் காலி செய்யச் சொன்னாள். விடிந்ததிலிருந்து காபி டப்பா டப்பாவாகச் சுமந்து காலி செய்தார். பெட்டியைக்கூடத் தானே கொண்டுபோய் டிக்கியில் வைத்தார். இல்லம் தந்த கெடுவுக்குள் எந்த நாள் வசதி என்று கேட்டதற்கு, யோசிக்காமல், “பதினஞ்சு போதும்மா” என்றார்.

நவம்பர் பதினைந்து.

வேறு வண்டி கேட்டு ஜோலின் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆள் இல்லை. எதிர்வீட்டில் வண்டி இல்லை. பெட்ரோல் பங்கில் ஒரு பெண்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“மான் வேட்டை இன்னிக்குத்தானே ஆரம்பம்” என்றாள் அந்தப் பெண். “ஊர்ல ஓடுற வண்டியெல்லாம் காட்டுக்குள்ள. ராத்திரிதான் வருவாங்க. நீங்க டெட்ராய்ட்காரங்க இல்ல?”

டெட்ராய்ட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாமல் போகலாம். இங்கேயே பிறந்த டேரிலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் துப்பாக்கியைத் தொட்டு வருஷமாகிறது. அவனுக்கு எல்லா மாசமும் சக்கர மாசம்.

நாலு மணிக்கு இல்லத்திலிருந்து போன் வந்தது. ஜோலின் கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து பாத்திரங்களை எடுத்து, எடுத்ததைவிடப் பலமாகத் திரும்ப வைத்தாள்.

ரெய்னோ தொப்பியைப் பழைய ஆணியில் மாட்டினார்.

டேரில் பெட்டியை எடுத்துவரப் போனான். கார் வழக்கம்போல் தரையோடு தரையாக உட்கார்ந்தே கிடந்தது. அதை அப்படி உட்கார வைத்ததே அவன்தான். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் எவனுக்குத் தெரியும்?

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். கைப்பிடி மட்டும் வந்தது.

மூடியைத் திறந்தான்.

ஈயம். டயர் கடையில் சக்கரம் உதறாமல் ஓட விளிம்பில் மாட்டுகிற ஈயக் கட்டிகள். தூண்டிலுக்குக் குண்டு வார்க்க அப்பா காலமெல்லாம் சேர்த்து ஷெட்டில் காபி டப்பாக்களில் வைத்திருந்தவை. இரண்டு ஆள் கனம் இருக்கும். சட்டை என்று ஒரு கந்தல்கூட இல்லை.

டேரில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். மட்கார்டைப் பார்த்தான். விரலை வைத்து அளந்தான்.

இந்த ஈயம் இல்லாவிட்டால் உரசாது. மூன்று பேர் ஏறினாலும் உரசாது. அவன் கணக்கு சரி. ஒரு மாசமாகச் சிரித்த ஊர் வாயை மூட இந்தப் பெட்டி ஒன்று போதும்.

சமையலறை ஜன்னல் திறந்தது.

“என்னதான் கோளாறு, கண்டுபிடிச்சியா?” என்றாள் ஜோலின்.

வாசற்படியில் அப்பா வந்து நின்றிருந்தார். கை கதவு நிலையைப் பிடித்திருந்தது, யாரோ இழுத்துக்கொண்டு போகப் போகிற மாதிரி.

டேரில் டிக்கியை மூடினான்.

“சக்கரம்தான்” என்றான். “அகலம் ஜாஸ்தி.”

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் ரெய்னோ.