அரை விரல்

சட்டைப் பொத்தான் அறுந்தாலே மனைவியைக் கூப்பிடுகிறவர், தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“நூல் அறுந்துக்கிட்டே இருக்குப்பா,” என்று போனில் கிசுகிசுத்தார்.

“பாபினைக் கழட்டித் துடைச்சீங்களா சார்?” என்றார் மெக்கானிக்.

“துடைச்சு, எண்ணெயும் விட்டாச்சு.”

“வீட்டம்மா தையல்ல கெட்டிக்காரங்களாச்சே, கேளுங்களேன்!”

“அவளுக்குத்தான் தெரியக் கூடாது. படுத்த படுக்கையா இருக்கா. சட்டை தொளதொளன்னு ஆனா, எவ்வளவு இளைச்சுட்டோம்னு தெரிஞ்சு மனசு விட்டுடுவா. அதான், அவ தூங்குறப்ப அவ சட்டையை ஒவ்வொண்ணா பிடிச்சுத் தைக்கிறேன்.”

உள்ளறையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“ஏங்க, ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பீங்க, பாருங்க. அப்படியே இன்னும் அரை விரல் சேர்த்துப் பிடிங்க. போன வாரம் நீங்க பிடிச்சதும் லூசாயிடுச்சு.”