முப்பத்திரண்டு சிவப்புப் புள்ளிகள்

"சார், எங்க காவாந்தண்டலத்துல வூட்டுக்கு ஒருத்தன் ஜுரத்துல நடுங்கிக்கினு கீறான். நீங்க இன்னாடான்னா மருந்து லாரிய மானாம்பதிக்கு அனுப்புறீங்க. இது நாயமா சார்?"

முனியன் கேட்டதும் பாண்டுரங்கன் நோட்டை எடுத்தார். சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருஷமாகப் புள்ளிவிவரக் குமாஸ்தா அவர். நோட்டைப் புரட்டாமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் மனைவி தேவகி "குழம்புல உப்பு போதுமா?" என்று கேட்டால்கூட, போன மாசம் எவ்வளவு என்று பார்க்கத் தோன்றும். இந்தக் கிறுக்கை அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நோட்டைப் புரட்டினார்.

"உங்க ஊருக்குப் பூஜ்யம்பா. ஜனவரி பூஜ்யம், பிப்ரவரி பூஜ்யம்... செப்டம்பர் வரைக்கும் பூஜ்யம். மலேரியாவே இல்ல."

"நோட்டுல இல்ல சார். எங்க வூட்ல கீது. எம் பொண்ணு செல்லாயி நாலு நாளா எழுந்துக்கல. பல்லு தந்தி அடிக்குது."

"ரத்தம் எடுத்தாங்களா?"

"எடுக்க ஆளு ஏது? எங்க ஊரு மலேரியாக்காரரு மாத்தலாகிப் போயி ஒரு வருசமாவுது. புதுசா யாரையும் போடல."

"அதான். ஆள் இல்லை, அதனால ரத்தம் எடுக்கலை. ரத்தம் எடுக்கலை, அதனால மலேரியா இல்லை."

சொல்லி முடித்ததும் பாண்டுரங்கனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. அங்கே அவர் கையால் வரைந்த வட்டார வரைபடம் தொங்கியது, நோயாளிக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்து. மற்ற ஊர்களெல்லாம் வெள்ளையாக இருக்க, மானாம்பதி மட்டும் அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. முப்பத்திரண்டு பேர் ரத்தம் ஆளுக்கொரு கண்ணாடித் துண்டில் ஜில்லா பரிசோதனைக்குப் போய், முப்பத்திரண்டிலும் மலேரியா!

அதைப் பற்றி அவர் மூன்று பக்கக் குறிப்பு எழுதியிருந்தார். 'ஆண், பெண், குழந்தை, கிழவர் என்ற பேதமின்றி அனைவரையும் இந்நோய் ஒரே சீராகத் தாக்கியிருப்பது ஆழ்ந்த ஆராய்ச்சிக்குரியது.' மெட்ராஸ் அதைப் படித்து டில்லிக்கு அனுப்பியது. டில்லி பாராட்டிக் கடிதம் எழுதியது. அதன் பலன்தான் வாசலில் நிற்கும் லாரியும், உள்ளே இருக்கும் மாத்திரைப் பெட்டியும். அந்தக் கடிதத்தை அவர் தினம் இரண்டு தடவை படிப்பார். ஆபீஸில் யாரும் இல்லாவிட்டால் மூன்று தடவை, சத்தம் போட்டு.

"நாலு மாத்திரையாவது குடுங்க சார்."

"அலமாரி காலிப்பா. பெட்டி முழுக்க மானாம்பதி பேர்ல வந்திருக்கு. டாக்டரும் காஞ்சிபுரம் மீட்டிங் போயிட்டார். நான் இன்னா பண்றது?"

நேற்று மானாம்பதியிலிருந்து கன்னியப்பன் என்ற விவசாயி வந்து, "எங்க ஊர்ல ஒருத்தருக்கும் ஜுரம் இல்ல, சொவுத்துல மருந்தடிச்சிப் பேஜார் பண்ணாதீங்க" என்று சண்டை போட்டிருந்தார். "உனக்குத் தெரியாதுய்யா, அது ரத்தத்துக்குள்ள ஒளிஞ்சிக்கினு கீது" என்று பாண்டுரங்கன் அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

"நம்ம வேதகிரி சாரும் எங்க தெருவுலதான் குடியிருக்காரு. நான் சொல்றது பொய்யின்னா அவரைக் கேளுங்க" என்று முனியன் மூலையைக் காட்டினான்.

அங்கே மாத்திரைப் பெட்டியின் மேல் வேதகிரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மானாம்பதியின் மலேரியா ஊழியன் அவன்தான். முப்பத்திரண்டு பேரிடம் ரத்தம் எடுத்த சூரன். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. இப்போது அவனை நிரந்தரமாக்கச் சொல்லிப் பாண்டுரங்கனே சிபாரிசு எழுதியிருந்தார்.

"அவனுக்கு ஒதுக்கினது மானாம்பதி. காவாந்தண்டலத்தைப் பத்திப் பேச அவனுக்கு அதிகாரம் இல்லை" என்றார் பாண்டுரங்கன்.

லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். பாண்டுரங்கன் அனுமதிச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். முனியன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

"அப்ப எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். 'உனக்கு ஜுரம் இல்ல, நோட்டுல பூஜ்யம்'னு எழுதுங்க. எம் பொண்ணுகிட்டக் காட்றேன்."

பாண்டுரங்கன் நோட்டைப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் காய்ச்சலைக் கணக்கில் கூட்டியிருப்போம், காய்ச்சலில் கிடக்கிற ஒரு குழந்தையைப் போய்ப் பார்த்திருப்போமா? பெரிய ஆராய்ச்சிக்காரன், த்தூ! தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. இருந்தாலும் டில்லி உத்தரவாயிற்றே. பேனா சீட்டின்மேல் இறங்கியது.

"கையெழுத்துப் போடாதீங்க சார்!"

வேதகிரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை அனலாய்க் கொதித்தது.

"டேய், இன்னாடா இது? லாரி போகலைன்னா உன் வேலை நிரந்தரம் ஆகாது, தெரியுமில்ல?"

"வேலை போனாப் போவுது சார். லாரிய எங்க தெருவுக்குத் திருப்புங்க. மானாம்பதி வரைக்கும் சைக்கிள் மிதிக்கச் சோம்பப்பட்டு, வூட்லயே குந்திக்கினு ஒவ்வொரு கண்ணாடியிலயும் என் வெரல் ரத்தத்தையே தடவி அனுப்பிட்டேன். அந்த முப்பத்திரண்டு பேரும் நான் ஒருத்தன்தான் சார்!"