மூலத்தில் அப்பா இல்லை

“பத்துக்கு முட்டை போட்டேன் சார்!” என்று சக ஆசிரியரிடம் ஃபோனில் சிரித்தார் ஆங்கில வாத்தியார். “நாவல்லேர்ந்து ஒரு வரி குடுத்து, ஈஸியான இங்கிலீஷ்ல மாத்தி எழுதச் சொன்னேன். ‘அவர் காலடிச் சத்தம் கேட்டதும் வீடே மூச்சை அடக்கிக்கொண்டது.’ ஒரு பொண்ணு எழுதியிருக்கா, ‘அப்பா வந்தார். நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம்’னு! மூலத்துல அப்பா எங்க இருக்கார்? சிரிப்பு எங்க இருக்கு?”

“பாவம், அவ வீட்டுக் கதைய எழுதிட்டா போல. விடுங்க சார்.”

ஃபோனை வைத்தபோது, சமையலறையில் மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. இதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று விடைத்தாளோடு எழுந்து போனார்.

வாசற்படியில் அவர் கால் வைத்ததும் சிரிப்பு நின்றது. மனைவி அவசரமாகக் குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். மகள் எழுந்து நின்றாள்.

“என்னப்பா வேணும்?”

“ஒண்ணுமில்லம்மா. எதுக்குச் சிரிச்சீங்க?”

“சும்மாதாம்பா.”

மேஜைக்குத் திரும்பினார். சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த முட்டைக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டார்.