ஜல்லி

ஏரிக்கரைச் சாலையோரம் வரலாற்றுக் கல் நடக் குழி தோண்டியபோது கடப்பாரை ஒரு முதுமக்கள் தாழிக்குள் இறங்கியது. உள்ளே மண்டையோடு, கை எலும்புகள், ஒரு சங்கு வளையல். மேஸ்திரி ஏகாம்பரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்குத் திறப்பு விழா. ஜல்லி லாரி இன்னும் வரவில்லை. தாழியை உடைத்து, குழியில் கல்லை நிறுத்தி, ஜல்லிக்குப் பதிலாக ஓட்டுச் சில்லுகளையும் எலும்பையும் சுற்றிலும் கொட்டி, திமிசுக்கட்டையால் இடிக்கச் சொன்னார்.

இடுப்பளவு தண்ணீரில் மீன் தடவிக்கொண்டிருந்த பூங்காவனம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஈரச் சேலையோடு கரையேறி வந்து கல்லை வாய்விட்டுப் படித்தாள்: ‘1868இல் ஜமீன்தார் இவ்வூரை உண்டாக்கினார். அதற்கு முன் இங்கு மனித நடமாட்டமே இல்லை.’

குடிசைக்குப் பட்டா கேட்டுப் போனபோதும் தாலுகா ஆபீஸில் இதைச் சொல்லித்தான் விரட்டினார்கள்.

இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துத் தள்ளினாள்.

ஏகாம்பரம் சிரித்தார். “யானை வந்து முட்டுனாலும் அசையாதும்மா.”

“எப்படிய்யா அசையும்? அடியில எங்க ஆளுங்கல்ல புடிச்சிட்டு இருக்காங்க.” காறித் துப்பினாள். “இரு, விடச் சொல்றேன்.”

கல்லோரம் கிடந்த கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.