உட்கார்ந்த இடத்தில் வெந்நீர்

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டுக் கொடுத்தவன் நான். அதுவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு!

என் மாப்பிள்ளை வாட்டர் ஹீட்டர் கம்பெனி முதலாளி. வாங்கியவர்கள் ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருடைய இணையதளத்தில் ஒரு விவாத அரங்கம் வேண்டும் என்று நச்சரித்து அமைக்க வைத்ததே நான்தான். அதை இன்றோடு மூடப்போவதாக, மகள் வீட்டுக் கூடத்தில் அவர் அறிவித்தார்.

“யாருக்கும் பிரயோஜனம் இல்ல மாமா. வெட்டி அரட்டை. கம்பெனி மானம்தான் போகுது.”

“என்ன மாப்பிள்ளை இப்படிச் சொல்லிட்டீங்க? ‘நடுங்கி’ங்கற பேர்ல ஒருத்தர், தண்ணி சூடாகலைன்னு நேத்து அழுதாரே! கையேட்டுல தப்பா அச்சடிச்சிருக்கு, குமிழை இடப்பக்கம் திருப்புங்கன்னு ஒரு பல் டாக்டரம்மா பதில் போட்டாங்க. இன்னிக்குக் காலையில, ‘நீங்க தெய்வம்’னு எழுதியிருக்கார்.”

“நடுங்கியாவது, டாக்டரம்மாவாவது! கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. எல்லாம் உங்க கைவரிசை.”

என் புளுகுகள் உலகப் பிரசித்தம் என்பதால் நான் சொன்னது எடுபடவில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்த மகள் நிமிராமலே சொன்னாள்: “என்னவோப்பா, புது ஹீட்டர் மாட்டினதுலேருந்து பாத்ரூம்ல இவர் அலறல்தான் கேட்டுச்சு. இன்னிக்குத்தான் பாட்டு கேட்டுச்சு.”

மாப்பிள்ளையின் முகம் ஹீட்டர் இல்லாமலே சூடேறியது.

“சரி மாமா, அரங்கம் இருக்கட்டும். நடுங்கி நான்தான். நம்ம கஸ்டமர் கேர்ல ஒரு வாரமா யாருமே போனை எடுக்கல.”