அந்த ஒரே ஆள்

“இன்னும் எத்தனை பேர் உபயோகிக்கிறாங்க?” என்று சைகல் கேட்டதற்கு, “ஒருத்தர்” என்றான் அவள் கணவன் எர்மெக்.

“அந்த ஒரு ஆளுக்காகவா முதுகொடிய உட்கார்ந்திருக்கே?”

“தினமும் காலையில ஏழு மணிக்குத் திறக்கறாங்க. அவங்களை எப்படி விடறது?”

போன குளிர்காலத்தில் நடந்த பேச்சு அது. மொபைல் பிரவுசரில் வரும் செய்திகளைக் கிர்கிஸ் மொழியில் வாசித்துக் காட்டும் பிளகின் என்ற சிறு இணைப்பு மென்பொருள் ஒன்றை எர்மெக் தனியாளாக எழுதியிருந்தான். பிரவுசர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அது கெட்டுப்போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதைச் சரிசெய்வான். சைகல் டோக்மோக்கில் இருக்கும் தன் அம்மாவைப் பார்க்க மினிபஸ்ஸில் தனியாகப் போய் வருவாள். உபயோகிப்பவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. எண்ணிக்கையும் திறக்கும் நேரமும் மட்டும்தான் தெரியும்.

இந்த ஞாயிறு அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது, அவன் சிவந்த கண்களோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தேநீர் ஆறிப்போயிருந்தது.

“வியாழக்கிழமையிலேர்ந்து அந்த ஆளைக் காணோம். எங்க தப்புன்னு மூணு நாளா தேடறேன், கிடைக்கல.”

சைகல் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

“தப்பு ஒண்ணும் இல்ல. வியாழக்கிழமை விடியக்காலையில என் போன் தண்ணியில விழுந்துடுச்சு.”

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

“பூஜ்யத்தைப் பார்த்தா நீ தாங்கமாட்டியேன்னுதான் தினமும் திறந்தேன். எனக்கும் அலுத்துப்போச்சு, எர்மெக். அதை மூடி வச்சுட்டு இன்னிக்காவது என்கூட டோக்மோக்குக்கு வா.”